மலைநாட்டுல வாடகைக்கு கார் எடுக்கிறீங்களா: எக்ஸ்ட்ரா இன்சூரன்ஸ் போடணுமா வேணாமான்னு முடிவெடுக்க முழு வழிகாட்டி

நான் இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம். சித்திரைக்கும் தீபாவளிக்கும் கனடா, லண்டன், கொழும்புன்னு எங்கெங்கயோ இருக்கிற சொந்தக்காரங்க வந்து இறங்குவாங்க, அவங்களுக்கு கார் பேசிக் குடுக்கிற வேலை எங்க வீட்டுல எப்பவும் எனக்குத்தான். எத்தனையோ பேரு சாவி வாங்குறதப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். "எக்ஸ்ட்ரா கவர் ஒன்னு இருக்கு, போட்டுக்கிறீங்களா"ன்னு கார்க்காரர் கேட்கிற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. பாதிப் பேரு பயத்துல ஆமான்னு சொல்லிடுறாங்க, மீதிப் பேரு காசு மிச்சம்னு வேணாம்னு சொல்லிடுறாங்க, எதுக்கு ஆமான்னோம் எதுக்கு வேணாம்னோம்னு ரெண்டு பக்கமும் தெரியாது.

கீழ இருக்கிற வரிசையிலயே போங்க. முதல் மூணு படி கார் எடுக்கிறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வீட்டுல இருந்து முடிக்க வேண்டியது. அத முடிக்காம 7ஆவது படிக்குத் தாவினா கணக்கு தப்பாத்தான் வரும்.

1. முதல்ல லைசன்ஸ சரி பாருங்க

இன்சூரன்ஸ் பத்திப் பேச வந்துட்டு லைசன்ஸ்ல ஆரம்பிக்கிறேனேன்னு பாக்காதீங்க. ஓட்டுறவருக்கு இந்த நாட்டுல செல்லுபடியாகிற லைசன்ஸ் இல்லன்னா எந்தக் கவரும் வேலை செய்யாது, எவ்வளவு காசு குடுத்து எக்ஸ்ட்ரா போட்டிருந்தாலும் க்ளெய்ம் வர்ற அன்னைக்கு முதல்ல கேட்கிறது லைசன்ஸத்தான்.

வெளிநாட்டு லைசன்ஸ் வச்சிருக்கிறவங்க அத மட்டும் காட்டி இங்க ஓட்ட முடியாது. இன்டர்நேஷனல் பெர்மிட் இருந்தாலும் அதுக்கு மேல இங்க உள்ள அனுமதி வேணும். கொழும்புல ஒட்டோமொபைல் அசோசியேஷன்ல அந்த பெர்மிட்டுக்கு சான்று வாங்கலாம், இல்லன்னா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல தற்காலிக லைசன்ஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட்ல இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துலயே அந்தத் திணைக்களத்தோட கவுன்டர் இருக்கு. இறங்கின உடனே அங்க முடிச்சிட்டு மலைக்கு ஏறுங்க, ஹட்டன் வந்தப்புறம் ஞாபகம் வந்தா திரும்ப கொழும்புக்குத்தான் போகணும்.

இங்க உள்ள லைசன்ஸ் இருக்கிறவங்களும் ஒன்னு பாக்கணும். சாதாரண கார் லைசன்ஸ் டிரைவரோட சேர்த்து ஒன்பது சீட் வரைக்கும்தான். குடும்பம் பெருசுன்னு பதினாலு சீட் வேன எடுத்து, கார் லைசன்ஸ் வச்சிருக்கிற மச்சான ஓட்டச் சொல்றது எங்க பக்கம் அடிக்கடி நடக்குது. அப்படி ஓட்டினா அந்த வேனுக்கு எவ்வளவு நல்ல இன்சூரன்ஸ் இருந்தாலும் உங்களுக்கு இல்லாத மாதிரிதான்.

2. இன்சூரன்ஸ் கார்டோட போட்டோவ வட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க

காரோட போட்டோவ எல்லாரும் கேட்டு வாங்குறாங்க, கலர் என்ன, ஏசி வேலை செய்யுதான்னு எல்லாம் கேட்கிறாங்க. இன்சூரன்ஸ் கார்டக் கேட்கிறவங்க குறைவு. அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, அனுப்ப மாட்டேன்னு இழுத்தடிக்கிறவர்கிட்ட கார் எடுக்காதீங்க.

கார்டு வந்ததும் பாக்க வேண்டியது நாலு விஷயம்.

முதலாவது, புல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியான்னு. தேர்ட் பார்ட்டி இல்லாம ரோட்டுல இறங்கவே முடியாது, வருஷா வருஷம் வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவே அது வேணும். ஆனா சட்டம் கட்டாயப்படுத்துறது மத்த ஆளுங்களோட உயிருக்கும் காயத்துக்கும் உள்ள கவரத்தான். நீங்க ஓட்டுற காருக்கு அடிபட்டா அதுல ஒரு சதமும் வராது. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள கார செல்ஃப் டிரைவுக்குக் குடுக்கிறாங்கன்னா அந்தக் கார் மொத்தமும் உங்க தலையிலதான், அது அம்பது லட்சத்துக் காரா இருந்தாலும் சரி.

ரெண்டாவது, எதுக்குப் பாவிக்கிறதுக்கு எடுத்த இன்சூரன்ஸ்னு. இதத்தான் நான் எல்லாத்தையும் விட முக்கியமா நினைக்கிறேன். சொந்தப் பாவனைக்குன்னு எடுத்த பொலிசியும் வாடகைக்கு விடுறதுக்குன்னு எடுத்த பொலிசியும் வேற வேற, வாடகைக்குன்னா கட்டணம் கூட. அந்தக் காச மிச்சம் பிடிக்க சொந்தப் பாவனைன்னு போட்டுட்டு பேஸ்புக்ல விளம்பரம் போட்டு வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க. நல்லா ஓடுற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அடிபட்டா இன்சூரன்ஸ்ல இருந்து வர்றவர் முதல்ல கேட்கிறதே "ஓனர் உங்களுக்கு யாரு"ன்னுதான். வாடகைக்கு எடுத்ததுன்னு தெரிஞ்சா க்ளெய்ம மறுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. "யாரும் கேட்டா என் தம்பின்னு சொல்லுங்க"ன்னு ஓனர் சொல்லிக் குடுத்தாருன்னா அந்தக் கார் வேணாம், அடுத்தவரப் பாருங்க. பொய் சொல்லி வாங்குற க்ளெய்ம் பின்னால உங்க மேலயே கேஸா வரலாம்.

மூணாவது, தேதி. நீங்க கார் வச்சிருக்கிற கடைசி நாளும் அதுக்குள்ள வரணும். சில கார்ல நிரந்தரக் கார்டு வர்றதுக்கு முன்னாடி குடுக்கிற கவர் நோட்தான் இருக்கும், அதுவும் செல்லும்தான், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும், அதனால அதுல முடியுற தேதிய ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க.

நாலாவது, கார் நம்பர். கார்டுல உள்ள நம்பரும் வந்து நிக்கிற காரோட நம்பரும் ஒன்னான்னு பாருங்க. பேசின கார் "சர்வீஸ்ல இருக்கு"ன்னு வேற கார் அனுப்பினா கார்டையும் புதுசா கேளுங்க.

3. உங்ககிட்ட ஏற்கனவே என்ன கவர் இருக்குன்னு பாருங்க

இது வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு. இங்கயே இருக்கிறவங்க நேரா 4க்குப் போகலாம்.

"அங்க என் காருக்கு புல் கவர் இருக்கு, இங்கயும் செல்லும்"னு நினைக்கிறது பெரிய தப்பு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் எடுக்கிற சொந்தக் கார் பொலிசி பொதுவா அந்த ரெண்டு நாட்டுக்குள்ளதான் செல்லும், இலங்கை அதுக்குள்ள வராது.

கிரெடிட் கார்டு வேற கதை. அந்த நாடுகள்ல சில கார்டுகளோட வாடகைக் கார் கவர் சேர்ந்தே வரும். ஆனா அதுக்கு நிபந்தனை நிறைய. வாடகை முழுசும் அந்தக் கார்டுலயே கட்டியிருக்கணும். வாடகை எத்தனை நாளைக்குள்ள இருக்கணும்னு எல்லை உண்டு, முப்பத்தொரு நாள்னு வைக்கிறது வழக்கம். சில நாடுகள அவங்க சேர்க்கிறதே இல்ல. வாடகைக்குக் குடுக்கிற தொழில் செய்யிற கம்பெனில எடுத்ததா இருக்கணும், பேஸ்புக்ல பார்த்து தனி ஆள்கிட்ட எடுத்த காருக்கு வராது. பெரிய வேன்களுக்கும் பெரும்பாலும் வராது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே பேங்குக்குப் பேசி இலங்கைக்கு செல்லுமான்னு கேட்டு, பதில ஈமெயில்ல வாங்கி வச்சிக்கோங்க.

இங்க ஒரு வரிசைப் பிழை நடக்கும், கவனம். பல கார்டுல, கார் வாடகைக்குக் குடுக்கிற கடைக்காரர் குடுக்கிற எக்ஸ்ட்ரா கவர நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாத்தான் கார்டோட கவர் வேலை செய்யும். ரெண்டும் இருந்தா ரெட்டைப் பாதுகாப்புன்னு நினைச்சு ரெண்டையும் எடுத்தா கார்டு கவர் கைய விட்டுப் போயிடும். இதனாலதான் இந்தப் படிய கடைக்குப் போறதுக்கு முன்னாடி வச்சிருக்கேன்.

லண்டன்காரங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. வாடகைக் காரோட எக்ஸஸுக்குன்னு (அடிபட்டா நீங்க கையில இருந்து போட வேண்டிய காசு, 4ல விவரமா சொல்றேன்) தனியா இன்சூரன்ஸ் விக்கிறாங்க, ஐரோப்பாவுக்கு மட்டும் ஒன்னு, உலகம் முழுக்கன்னு ஒன்னு. உலகம் முழுக்க செல்றத, கார் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் அதுல அடங்கும், மலைநாட்டுக்கு அதுதான் வேணும். ஆனா இங்க உள்ள கடைக்காரருக்கு அந்த பேப்பர் பத்தி ஒன்னும் தெரியாது, அவர் டிபோசிட்ட பிடிக்கத்தான் செய்வார். நீங்க முதல்ல கையில இருந்து கட்டி, பில் வாங்கி, ஊருக்குப் போய் திருப்பி எடுக்கணும்.

4. "எக்ஸஸ் எவ்வளவு"ன்னு கேளுங்க, எண்ணா பதில் வாங்குங்க

புல் இன்சூரன்ஸ் இருந்தாலும் அடிபட்டா முதல் கொஞ்சக் காசு நீங்கதான் போடணும். அதுக்குப் பேருதான் எக்ஸஸ். அந்த எண் தெரியாம எக்ஸ்ட்ரா கவர் எடுக்கிறதா வேணாமான்னு முடிவெடுக்கவே முடியாது, ஏன்னா எக்ஸ்ட்ரா கவர் பெரும்பாலும் செய்யிறது அந்த எக்ஸஸக் குறைக்கிற வேலை மட்டும்தான்.

கேட்டா "அதெல்லாம் பிரச்சினை இல்ல சேர், புல் கவர்"னுவாங்க. திரும்பக் கேளுங்க. என்னோட தப்பால பஃபர் ஒடைஞ்சா நான் எவ்வளவு கட்டணும், கார் மொத்தமாப் போனா எவ்வளவு கட்டணும், களவு போனா எவ்வளவுன்னு மூணையும் தனித்தனியா கேளுங்க. மூணுக்கும் வேற வேற பதில் வர்றதும் உண்டு.

அதோட இன்னொன்னு, கார் காராஜ்ல நிக்கிற நாளுக்கு யார் வாடகை குடுக்கிறதுன்னு. அடி சின்னதா இருக்கும், டிங்கரிங் பெயின்டிங் முடிய பத்து நாள் ஆகும், அந்தப் பத்து நாள் வாடகையும் உங்ககிட்ட கேட்பாங்க. அக்ரிமென்ட்ல ஒரு வரியில இருக்கும், யாரும் வாசிக்கிறதில்ல. இன்சூரன்ஸ் இந்தக் காசக் குடுக்காது, எக்ஸ்ட்ரா கவரும் பெரும்பாலும் குடுக்காது.

5. அந்த எக்ஸ்ட்ரா கவர்ல எது எது அடங்காதுன்னு முதல்ல வாசிங்க

கவுன்டர்ல விக்கிறத இன்சூரன்ஸ்னு சொன்னாலும் அது பல நேரம் இன்சூரன்ஸே இல்ல. "அடிபட்டா உங்ககிட்ட இவ்வளவுக்கு மேல கேட்க மாட்டோம்"னு அந்தக் கடை குடுக்கிற ஒரு உறுதிமொழி அது. இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கிறதுன்னா அதுக்கு பொலிசி நம்பர் இருக்கும், சண்டை வந்தா முறையிட இன்சூரன்ஸ் ஒம்பூட்ஸ்மன் இருக்கார், ஒழுங்குபடுத்த ஆணைக்குழு இருக்கு. கடை குடுக்கிற உறுதிமொழிக்கு உங்க அக்ரிமென்ட்ல எழுதியிருக்கிறது மட்டும்தான் ஆதாரம். "இதுக்கு பொலிசி நம்பர் இருக்கா"ன்னு கேட்டா எதுன்னு தெரிஞ்சிடும். உறுதிமொழியும் நல்லதாவே இருக்கலாம், ஆனா எழுத்துல இல்லாதத நம்பக் கூடாது.

அடங்காத பட்டியல்ல வழக்கமா வர்றது டயர், ரிம், கண்ணாடி, சைட் மிரர், காரோட அடிப்பாகம், கூரை, உள்பக்க சீட்டு, சாவி தொலையிறது. கொழும்புல ஓட்டுறவருக்கு இது பெருசாத் தெரியாது. நம்ம பக்கம் அடிபடுறதே இந்தப் பட்டியல்ல உள்ளதுதான்!

என் சித்தப்பா மகன் கனடாவுல இருந்து வந்தப்போ நடந்தத சொல்றேன். ஆறு நாளைக்கு ஒரு சின்ன கார், எக்ஸ்ட்ரா கவருக்கு பதினெட்டாயிரம் குடுத்திருந்தான். "அண்ணே, எல்லாம் கவர் ஆகுது, பயமில்ல"ன்னான். பொகவந்தலாவ ரோட்டுல இருந்து தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஏறுற பாதை, ஒரு வாகனம் போற அகலம்தான். முடக்குல கொழுந்து லொறி லோடோட இறங்கி வந்துச்சு. லொறிக்கு வழி விடணும்னு இவன் இடது பக்கம் ஒதுக்கினான், அந்தப் பக்கம் கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) இருக்கிறது புல்லு மூடி இருந்ததால தெரியல. பின் சக்கரம் கானுக்குள்ள இறங்கி, காரோட வயிறு கொன்கிரீட் விளிம்புல உரசிக்கிட்டே போன சத்தம் எனக்கு இப்பவும் காதுல இருக்கு. பக்கத்து லயத்துல (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்து அஞ்சாறு பேர் ஓடி வந்து தூக்கி விட்டாங்க. பார்த்தா ரிம்மோட விளிம்பு உள்ள மடங்கி இருக்கு, டயரோட பக்கச் சுவர்ல கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, அடியில உள்ள பிளாஸ்டிக் தட்டு கிழிஞ்சு தொங்குது. பக்கச் சுவர் வெட்டுக்கு பஞ்சர் போட முடியாது, டயர் புதுசுதான். டயர், ரிம், தட்டு, மூணு நாள் வாடகைன்னு பில் வந்துச்சு, பதினெட்டாயிரம் குடுத்து வாங்கின கவர்ல இருந்து ஒரு ரூபா கழியல. கடைக்காரர் ஏமாத்தினாருன்னு சொல்ல முடியாது, அக்ரிமென்ட்ல மூணாம் பக்கத்துல தெளிவா எழுதியிருந்துச்சு. இவன் வாசிக்காம கையெழுத்து வச்சிட்டான்.

அதனால கடைக்காரர்கிட்ட நேராக் கேளுங்க: டயர், கண்ணாடி, அடிப்பாகத்துக்கு தனியா கவர் இருக்கா? சில இடத்துல கொஞ்சம் கூடக் குடுத்தா சேர்ப்பாங்க. மலைநாட்டுக்கு ரெண்டுல ஒன்னுதான் எடுக்க முடியும்னா நான் இதத்தான் எடுப்பேன்.

எந்த ரோட்டுல ஓடினா கவர் செல்லாதுங்கிறதும் இதே பக்கத்துல இருக்கும். தார் போடாத பாதை, தோட்டப் பாதைன்னு விலக்கி வச்சிருப்பாங்க. தம்பதென்னையில இருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறுறது, மஸ்கெலியா பக்கம் உள்ள தோட்ட டிவிஷன்களுக்கு சொந்தக்காரங்கள பாக்கப் போறது எல்லாம் இதுல அடங்குதான்னு கேட்டு எழுதி வாங்குங்க. சொந்த ஊருக்கு வர்றவங்க கடைசி ரெண்டு கிலோமீட்டர் தோட்டப் பாதையிலதான் போவாங்க, அங்க கவர் இல்லன்னா பாதிக் கவர்தான்.

குடிச்சிட்டு ஓட்டினா, அக்ரிமென்ட்ல பேரு இல்லாத ஆள் ஓட்டினா எல்லாமே ரத்து. ஓட்டப் போற ரெண்டாவது ஆள் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க, நுவரெலியாவுல இருந்து வெலிமடை இறங்கும்போது தலை சுத்துதுன்னு மச்சான்கிட்ட சாவியக் குடுக்க வேண்டி வரும்.

6. பாதையும் மாசமும்

ஒரே கார், ஒரே ஆள், ஆனா பாதையப் பொறுத்து ஆபத்து மாறும்.

மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நுவரெலியா பக்கம் நல்லா நனையும். டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம். ஒக்டோபர் நவம்பர்ல ரெண்டு பக்கமும் இடியோட கொட்டும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல மண்சரிஞ்சு எத்தனை உயிர் போச்சு, எத்தனை ரோடு மூடிக்கிடந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல.

அதனால கேட்க வேண்டிய கேள்வி: மண்சரிவு, வெள்ளம், மரம் விழுறது, கல் உருண்டு விழுறது பொலிசியில இருக்கா? புல் இன்சூரன்ஸ்னாலே இது தானா இருக்கும்னு இல்ல, இயற்கை அனர்த்தத்துக்குத் தனியா கட்டணம் கட்டி சேர்க்கிற பொலிசிகள் இருக்கு, ஓனர் சேர்த்தாரா இல்லையாங்கிறது அவருக்குத்தான் தெரியும். மழை மாசத்துல வர்றீங்கன்னா கவுன்டர்ல விக்கிற எக்ஸ்ட்ராவ விட இந்தப் பதில்தான் முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், அம்பர், சிவப்புன்னு மூணு மட்டத்துல மண்சரிவு எச்சரிக்கை விடுவாங்க, கிளம்புற அன்னைக்குக் காலையில பாருங்க. அம்பர் சிவப்பு இருக்கிற பக்கத்துக்கு கார எடுக்காதீங்க, எந்தக் கவர் இருந்தாலும் சரி.

இறக்கத்துல பிரேக்க மட்டும் மிதிச்சிக்கிட்டே வந்து பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போறது வெளியூர்க்காரங்களுக்கு அடிக்கடி நடக்கிற ஒன்னு. றம்பொடையில இருந்து இறங்கும்போதும் எல்ல ஊர்ல இருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போதும் ஒட்டோ கியர் கார்னாலும் சின்ன கியர்ல போட்டு இறங்குங்க. இதுவரைக்கும் மலை ரோட்டுல ஓட்டிப் பழக்கமே இல்லாதவங்க டிரைவரோட வாகனம் எடுத்துக்கோங்க, இதுதான் என் அபிப்பிராயம். டிரைவர் சம்பளமும் சாப்பாடும் எக்ஸ்ட்ரா கவர், டிபோசிட், டென்ஷன் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா கிட்டத்தட்ட சமமா வந்துடும், அடிபட்டாலும் அது ஓனரோட பொறுப்பு.

7. இப்பதான் கணக்கு

மேல உள்ளதெல்லாம் கையில இருந்தா கணக்கு அஞ்சு நிமிஷம். எண் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணப் போட்டுக்கோங்க.

எக்ஸஸ் ஒன்றரை லட்சம். எக்ஸ்ட்ரா கவர் நாளைக்கு 2,500, ஆறு நாளைக்கு 15,000. போட்டா எக்ஸஸ் 25,000 ஆகுது. அப்போ அந்த 15,000க்கு நீங்க வாங்குறது அதிகபட்சம் 1,25,000 ரூபா பாதுகாப்பு. 1,25,000த்த 15,000ஆல வகுத்தா எட்டு சொச்சம். இதே மாதிரி எட்டுப் பயணம் போனா ஒரு தடவையாவது ஒன்றரை லட்சத்துக்கு அடிபடும்னு உங்களுக்குத் தோணினா போடுங்க, தோணலன்னா விலை கூட.

ஆனா இது கணக்கோட பாதிதான். மீதிப் பாதி, அந்த ஒன்றரை லட்சம் போனா உங்க வீட்டுல என்ன ஆகும்ங்கிறது. சம்பளத்துல வாழுற குடும்பத்துக்கு அது கடன் வாங்க வேண்டிய காசு. அப்படி இருந்தா விலை கொஞ்சம் கூடன்னாலும் போடுங்க, தாங்க முடியாத அடியத்தான் இன்சூரன்ஸ்ல தள்ளி விடணும். தாங்கிக்க முடிஞ்சவங்க, மலை ரோடு பழக்கமானவங்க, ஏ7 ஏ5 மாதிரி மெயின் ரோட்டுலயே போயிட்டு வர்றவங்க விட்டுடலாம்.

எக்ஸஸே நாப்பதாயிரம்தான், எக்ஸ்ட்ரா கவர் பதினஞ்சாயிரம்னா யோசிக்கவே வேணாம், விடுங்க. அடங்காத பட்டியல்ல டயரும் அடிப்பாகமும் இருந்து, நீங்க போறது முழுக்க தோட்டப் பாதைன்னாலும் விடுங்க, அந்தக் காச டயருக்குன்னு ஒதுக்கி வச்சிக்கோங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள காரா, எக்ஸ்ட்ரா போட்டாலும் எடுக்காதீங்க.

8. டிபோசிட்டும் கையெழுத்தும்

டிபோசிட் எவ்வளவு, எத்தனை நாள்ல திரும்பும், எந்தக் காரணத்துக்குக் கழிப்பாங்கன்னு எழுதி வாங்குங்க. காசாக் குடுத்தா ரசீது வாங்காம நகராதீங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட்டயோ எழுதாத செக்கையோ குடுக்காதீங்க, பாஸ்போர்ட் கொப்பி போதும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கிற எல்லையையும் அதே நேரத்துல பாருங்க, நூறு கிலோமீட்டர்னு போட்டிருந்தா கொழும்புல இருந்து நுவரெலியா போற அன்னைக்கே தாண்டிடும்.

வாயால சொன்னத எல்லாம் அங்கயே வட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டு "இப்படித்தானே பேசினோம்"னு கேளுங்க. "ஓம்"னு பதில் வந்தா அதுவும் எழுத்துதான்.

9. சாவி வாங்கினதும் துணி எடுத்துத் துடைச்சிட்டு வீடியோ எடுங்க

எல்லாரும் வீடியோ எடுக்கிறாங்க, துடைக்காம எடுக்கிறாங்க. காலையில பனி விழுந்து கார் பூரா ஈரமா இருக்கும், ஈரத்துல கீறல் தெரியாது. மத்தியானம் வெயில் வந்து காய்ஞ்சப்புறம் பார்த்தா கதவுல நீளமா ஒரு கோடு, அது நேத்தே இருந்ததா நீங்க போட்டதான்னு யாருக்குத் தெரியும்? ஒரு பழைய சேலைத் துணியால கதவு, பஃபர் முனை, சைட் மிரர் முதுகு, இதெல்லாத்தையும் துடைச்சிட்டு சுத்தி வந்து எடுங்க. நாலு ரிம்மையும் கிட்டப் போய் எடுங்க, டயரோட பக்கச் சுவர், ஸ்பெயார் டயர், ஜாக்கி. முன் கண்ணாடிய உள்ள இருந்து எடுங்க, சின்னக் கல் வெடிப்பு உள்ள இருந்துதான் நல்லாத் தெரியும். குனிஞ்சு அடிப்பாகத்துக்கு போன நீட்டி ஒரு பத்து செக்கன் எடுங்க. கடைசியா மீட்டரும் பெட்ரோல் முள்ளும். வீடியோவ அங்க நின்னுக்கிட்டே கடைக்காரருக்கு அனுப்புங்க, அனுப்பின நேரம் பதிவாகும்.

10. அடிபட்டுட்டா எத முதல்ல செய்யணும்

ஆளுக்கு அடின்னா 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். பொலிஸுக்கு 119. மீதி எல்லாம் அதுக்கப்புறம்.

யாருக்கும் காயம் இல்லன்னா கார நகர்த்துறதுக்கு முன்னாடி போட்டோ, பிறகு ஓனருக்கு போன், அந்த இடத்துல நின்னுக்கிட்டே இன்சூரன்ஸ் கார்டுல உள்ள நம்பருக்கு போன். இங்க இன்சூரன்ஸ்காரங்க ஆளை இடத்துக்கே அனுப்பிப் பார்ப்பாங்க, நீங்க கார எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டு ராத்திரி போன் பண்ணா கேள்வி கூடும். தோட்டத்துக்குள்ள சிக்னல் இல்லன்னா கூட இருக்கிற ஒருத்தர மேட்டுக்கு அனுப்பிப் பேசச் சொல்லுங்க, காரத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க.

அடுத்தவரோட வாகனம், மதில், கடை சம்பந்தப்பட்டா பொலிஸ்ல என்ட்ரி போடுங்க. "சின்ன அடிதானே, அய்யாயிரத்த வாங்கிட்டுப் போங்க"ன்னு ரோட்டுலயே முடிக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. வாடகைக் கார்ல அத செய்யாதீங்க, ஓனருக்கும் இன்சூரன்ஸுக்கும் தெரியாம நீங்க தப்ப ஒத்துக்கிட்டதா ஆகிடும். வெளிநாட்டுக் கார்டுல திருப்பி எடுக்கிறவங்களுக்கு அக்ரிமென்ட், ரிப்பேர் பில், போட்டோ, பொலிஸ் என்ட்ரி கொப்பி எல்லாம் வேணும், ஊருக்குப் போனப்புறம் இங்க இருந்து எடுத்து அனுப்பச் சொல்லி எங்கள அலைய விடாம நீங்களே வாங்கிட்டுப் போங்க.

11. திருப்பிக் குடுக்கும்போது

வெளிச்சத்துல குடுங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எயார்போர்ட்டுக்குப் போற அவசரத்துல சாவிய செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போனா, பத்து மணிக்கு அவங்க பாக்கிற கீறல் உங்க கீறல்தான். முதல் நாள் பின்னேரமே குடுத்துட்டு எயார்போர்ட்டுக்கு வேற வாகனம் பேசிக்கோங்க. கார கழுவிட்டுப் போங்க, சேறு இருந்தா "கழுவினப்புறம் பார்த்துட்டு சொல்றோம்"னு டிபோசிட்ட பிடிச்சு வைப்பாங்க.

கடைக்காரர் சுத்திப் பார்த்து முடிச்சதும் "கார் நல்ல நிலையில கிடைச்சது, டிபோசிட் இன்ன தேதிக்குள்ள குடுக்கப்படும்"னு அக்ரிமென்ட் பின்பக்கத்துல எழுதி கையெழுத்து வைக்கச் சொல்லி, அத போட்டோ எடுத்துக்கோங்க. அந்தப் போட்டோவையும் முதல் நாள் எடுத்த வீடியோவையும் டிபோசிட் முழுசா கைக்கு வர்ற வரைக்கும் போன்ல இருந்து அழிக்காதீங்க.